மாடத்தி வாங்கிய விட்டம்

ஆற்றுக்குத் தென்கரையில் வாகைவிளை என்றொரு ஊர், அந்த ஊரில் ஆணி மாடத்தி என்றொருத்தி, அவள் வீடு கட்டுகிறவள் இல்லை, வீடு பிரிக்கிறவள். இடிக்கிறவள் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு, சொன்னவனின் ஏழு தலைமுறையையும் தெருவுக்கு இழுத்து வந்து நிறுத்திவிடுவாள். இடிப்பதற்குக் கோட்டி பிடித்த யானை போதும், பிரிப்பதற்குத்தான் மனுசி வேண்டும் என்பாள். ஓடு முதலில் இறங்கும், அடுத்து ஓட்டைத் தாங்குகிற ரீப்பர் சட்டங்கள், அதற்கப்புறம் விட்டத்திலிருந்து சுவருக்குச் சரிகிற கைமரம், எல்லாம் இறங்கி வீடு வானத்தைப் பார்த்து வாயைத் திறந்த பிறகு கடைசியாகத்தான் விட்டம்.

பன்னிரண்டு வயதில், இடிந்த வீட்டுப் பலகைகளிலிருந்து துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, சந்தையில் எடைக்குப் போட்டுப் பிழைக்க ஆரம்பித்தவள். பள்ளிக்கூடம் சொல்லித்தராததைச் சுத்தியல் சொல்லித்தந்தது. நசுங்கிய விரல் ஒவ்வொன்றும் ஒரு வகுப்பு. இப்போது விலை பேச உட்கார்ந்தால் அவள் குறை சொல்லவே மாட்டாள். மரத்தை ஒரு தட்டுத் தட்டுவாள், காதை வைத்துக் கேட்பாள், உதட்டைப் பிதுக்குவாள், மூன்று தரம் வாசல்வரை போய்த் திரும்புவாள். மூன்றாம் தரம் திரும்பும்போது வீட்டுக்காரனே தன் வீட்டைக் குறை சொல்லத் தொடங்கியிருப்பான்.

இப்படி இருநூற்றுச் சொச்சம் வீடுகளைப் பிரித்தவள், ஐம்பது வயதுவரை ஒரு தகரக் கொட்டகையில், சுவரில் சாய்த்து வைத்த முப்பத்தோரு கதவுகளுக்கு நடுவே படுத்துத் தூங்கினாள். திறந்தால் எந்த வீட்டுக்கும் போகாத கதவுகள். போதும் இந்தப் பிழைப்பு என்று ஒருநாள் அவளுக்கே அவள்மேல் கோபம் வந்து, கொட்டகைக்குப் பக்கத்திலேயே சுவர் எழுப்பினாள். கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர்வரை, சுவர்களையும் சேர்த்து, இருபத்தி நாலு அடி. கான்கிரீட் போட்டுவிடலாம் என்று கொத்தனார் சொன்னதற்கு அவரை மூன்று நாள் வேலைக்கே வரவேண்டாம் என்றுவிட்டாள். ஊர் மரமெல்லாம் தன் கைவழியே போயிருக்க, தன் தலைக்கு மேலே ஜல்லியும் சிமெண்டுமா? ஒரே மரமாக இருபத்தி நாலு அடி விட்டம் கிடைக்கும், கிடைத்தே தீரும் என்று தை பதினொன்றாம் தேதிக்குப் பால் காய்ச்சுப் பத்திரிகையும் அடித்து, ஊர் முழுக்கக் கொடுத்தும் முடித்துவிட்டாள். கூரை இல்லாத வீட்டுக்குப் பத்திரிகை அடித்தவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

அப்போதுதான் கைலாசத்தின் வீடு விலைக்கு வந்தது.

கைலாசம், அணைஞ்சபெருமாள் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர். அப்பா கண்ணை மூடிய பதினாறாம் நாளே வீட்டின் நடுவே சுவர் வைத்துப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். கிணற்றின் மேல் ஒரு பலகைக் கல்லைக் குறுக்கே போட்டு வாளிக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். முருங்கை மரத்தை ஒற்றைப்படை மாதம் உனக்கு, இரட்டைப்படை மாதம் எனக்கு என்று பிரித்தார்கள். சாமி படத்தைக்கூட, சாமி ஒருவருக்கும் சட்டம் ஒருவருக்குமாகப் பிரித்ததாகச் சொல்வார்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் மேலே ஒரே ஓட்டமாக ஓடிய இருபத்தி நாலடி வேங்கை விட்டத்தை மட்டும் பிரிக்கவில்லை. சண்டை போடுகிறவன் எவனும் மேலே பார்ப்பதில்லை.

பிறகு தம்பி அணைஞ்சபெருமாள் பார்த்தான். அவன் கணக்குப் பார்த்த அரிசி ஆலையை மூடிய அன்றைக்கு, வெயிலுக்குக் கொஞ்ச நேரம் என்று விட்டத்துக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தவன், பதினோரு வருசமாக எழுந்திருக்கவில்லை. சாப்பிட எழுவான், குளிக்க எழுவான், குழம்பு வைக்கச் சொல்லித்தர அடுப்படிவரை எழுவான், திரும்ப வந்து கையைத் தலைக்கு அண்டக்கொடுத்துப் படுத்துவிடுவான். என்ன செய்கிறார் உன் வீட்டுக்காரர் என்று கேட்டால், அவன் மனைவி ஆவுடையம்மாள் பீடி சுற்றுகிற சுளவுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பாள். ஊரில் வேலைவெட்டி இல்லாதவனுக்கெல்லாம் அதுதான் பெயர் என்பதால் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. ஆனால் மற்றவர்கள் கண்ணைத்தான் விட்டத்தில் வைத்திருப்பார்கள், மனசு வேறெங்காவது மேயும். அணைஞ்சபெருமாள் நிஜமாகவே விட்டத்தைப் பார்த்தான்.

கைலாசம் மகனோடு கோயம்புத்தூர் போய்ச் சேர முடிவுசெய்து, தன் பாகத்து மரத்தையெல்லாம் மாடத்திக்கு விற்றான். ஓடு மொத்தமும், கைமரம் இருபது, கதவு நாலு, சன்னல் ஆறு, விட்டம் ஒன்று என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டான். மேற்குப் பாதியின் ஓடும் கைமரமும் இறங்கின. விட்டம் மட்டும் நடுச்சுவரைத் தாண்டித் தம்பி வீட்டுக்குள் போனது. மாடத்தியின் மூத்த ஆளான வேலாண்டி ஏணியில் நின்று தலையைச் சொறிந்தான்.

“யக்கா, இது அடுத்த வீட்டுக்குள்ளயும் போகுது. நம்ம பக்கத்தோட அறுத்துருவமா?”

“அறுக்கவா? ஏல, இந்தச் சுவத்துல ஏறி அந்தச் சுவத்துல இறங்கினாத்தான் அதுக்குப் பேரு விட்டம். நடுவுல வாள வச்சா இந்தப் பக்கம் ஒரு கட்ட, அந்தப் பக்கம் ஒரு கட்ட. நான் கட்டைக்கா விலை பேசுனேன்? விட்டம் ஒண்ணுன்னு எழுதியிருக்கான், முழுசா உருவு.”

அவளுக்கு ஈவிரக்கம் இல்லாமல் இல்லை. தம்பி வீட்டுக் கூரைக்குக் கீழே கொடுக்க ஆறு பனங்கட்டைகளை முட்டுக்கு அனுப்பித்தான் இருந்தாள். வீடு பிரிக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. சங்கிலி கட்டியானதும் இந்தப் பக்கத்து ஆள் “முட்டு?” என்று கேட்பான், முட்டுக் கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்து ஆள் பதில் குரல் கொடுப்பான், குரல் வந்தால்தான் இழுப்பார்கள். அன்றைக்குப் பனங்கட்டைகளைச் சுமந்து போனவர்கள் அவற்றை வாசலில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்கள். வேலாண்டி சுவருக்கு மேலாகக் கேட்டான். பதினோரு வருசமாக, படுத்திருக்கையில் யார் என்ன கேட்டாலும் “ம்” என்று மட்டுமே சொல்லிவந்த அணைஞ்சபெருமாள் அதற்கும் “ம்” என்றான். பன்னிரண்டு பேர் சங்கிலியை இழுத்தார்கள். வாழைத்தண்டை உருவுகிற மாதிரி விட்டம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

அதற்கப்புறம்தான் வாசலில் கிடந்த பனங்கட்டைகள் மாடத்தியின் கண்ணில் பட்டன. செருப்பு ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக ஓடிப்போய் உள்ளே பார்த்தாள். கூரை அப்படியே இருந்தது. இரண்டு பக்கத்துக் கைமரங்களும் சரிந்து வந்து, ஒன்றுமில்லாத ஒரு இடத்தில் தோளைச் சாய்த்து நின்றன. ஆவுடையம்மாளின் பேத்தி தூங்கிய சேலைத்தொட்டில், எதிலும் கட்டப்படாத முடிச்சோடு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு குருவி, தான் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து இறகு கோதியது. கீழே பாயில் அணைஞ்சபெருமாள்.

“அண்ணாச்சி, விட்டம் எங்க?”

“நீங்கதான கொண்டு போறிய தங்கச்சி.”

“அப்ப இது எதுல நிக்கி?”

“விட்டத்துலதான்,” என்றான் கண்ணை எடுக்காமல்.

ஆவுடையம்மாள் சுளவோடு வந்தாள், மேலே பார்த்தாள், புருசனைப் பார்த்தாள், பிறகு மறுபடியும் மேலே பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவனுக்கு ஒரு தும்மல் வந்து கண் மூடித் திறக்க, தாழ்வாரத்து ஓடு ஒன்று சறுக்கி முற்றத்தில் விழுந்து உடைந்தது. அவளுக்கு விசயம் விளங்கிவிட்டது. கல்யாணம் கட்டின நாளிலிருந்து இல்லாத பவ்யத்தோடு, கண்ண எடுத்திராதீய, காப்பி இங்கயே கொண்டாரேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

தெருவுக்குச் செய்தி தெரிய அரை மணி நேரம் ஆனது. வந்தவர்கள் வியந்து நிற்கவில்லை, அவன் சாப்பிட எழுந்தால் என்ன செய்வது என்றுதான் யோசித்தார்கள். பீடி சுற்றுகிற பெண்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, தலையை மடக்குகிற வேலையை அவர்களின் விரல்களே பார்த்துக்கொள்ளும், கண்கள் இத்தனை காலமும் சும்மாதான் இருந்தன. சுளவுகளைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, கை பாட்டுக்குச் சுற்ற, கண்ணை மேலே போட்டார்கள். முதல் நாள் கூரை கொஞ்சம் முனகியது. எங்கே பார்க்க வேண்டும் என்று அணைஞ்சபெருமாள் சொல்லித்தந்தான், கிழக்கிலிருந்து மூன்றாம் முழத்தில் ஒரு கணு, கணுவுக்கு இந்தப் பக்கம் விளக்கு மாட்டின ஆணி, ஆணிக்குக் கீழே புகை படிந்த தடம் என்று. பார்க்கப் பார்க்க அவர்களுக்கும் தெரிந்தது, முனகல் நின்றது.

ஒரு வாரத்துக்குள் அது தெருவின் நித்தியப்படியில் சேர்ந்துவிட்டது. வீட்டில் சும்மா கிடக்கிற புருசன்மாரை, அங்க போயிக் கெடங்க, பிரயோசனமாவது உண்டும் என்று பெண்டாட்டிமார் தள்ளிவிட்டார்கள். எங்கே போகிறாய் என்றால் விட்டத்துக்குப் போறேன் என்று பதில் வந்தது. முறை மாறும்போது விட்டத்தை வாங்கிக்கிடுங்க என்று ஒருவர் சொல்ல, வாங்கியாச்சு என்று அடுத்தவர் சொல்ல, அப்புறம்தான் முன்னவர் கண்ணைக் கசக்குவார். டீக்கடைக்காரர் மல்லாந்தபடியே குடிக்கத் தோதாக மூக்குக் குவளையில் டீ அனுப்பினார். வீட்டு வரிக்கு அளக்க வந்த அதிகாரி, விட்டம் மரமா, இரும்பா, கான்கிரீட்டா என்ற கேள்விக்கு முன்னால் பேனாவைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, கக்கத்தில் இருந்த குடை இடைஞ்சலாக இருக்கவே அதை அண்ணாந்து பார்த்து மேலே மாட்டினார், அது மாட்டிக்கொண்டது, நல்ல நிலையில் உள்ளது என்று எழுதிவிட்டுப் போனார்.

இதெல்லாம் அங்கே. மாடத்தியின் கதை என்ன என்றால், அது சிரிப்பாய்ச் சிரித்தது.

இருபத்தி நாலடி வேங்கையையும் தூக்கித் தன் சுவர்களின் மேல் வைத்தாள். கைமரம் ஏற்றினார்கள். மேற்குப் பாதியில் வைத்த கைமரமெல்லாம் பிள்ளை இடுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தன. கிழக்குப் பாதியில் வைத்தவை எண்ணெய் தடவினது போல வழுக்கிக் கீழே வந்தன. ஆணி அடித்தால் உள்ளே போய், போன வழியே திரும்பி வந்தது. கயிறு கட்டினால் முடிச்சு தானாக அவிழ்ந்தது. காக்காய்கூட மேற்கே உட்கார்ந்ததே தவிர கிழக்கே உட்காரவில்லை.

“யக்கா, மேக்க விட்டமா இருக்கு. கெழக்க வெறும் மரமால்லா கெடக்கு,” என்றான் வேலாண்டி.

அவள் சுத்தியலைத் தூக்கி எறிந்ததில் அது போய்ப் புளியமரத்தில் விழுந்தது. நடுவில் ஒரு தூண் கொடுத்துப் பார்க்கலாம் என்ற கொத்தனாரை மறுபடியும் மூன்று நாள் வரவேண்டாம் என்றாள். தேதி நெருங்கியது. பத்திரிகை வாங்கின ஊரெல்லாம் அரைக் கூரையைப் பார்த்துவிட்டு, நனையாம சாப்பிடணும்னா மேக்குப் பந்தியில உக்காரணும் போல என்று பேசிக்கொண்டது. ஊரான் வீட்டையெல்லாம் பிரித்தவளுக்குச் சொந்தத்தில் ஒரு வீடு சேரவே சேராதோ என்று முதன்முதலாக அவளுக்கு ஒரு பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். காகிதத்தை எடுத்துக்கொண்டு பேரம் பேசப் போனாள்.

விட்டம் ஒன்று என்று எழுதியிருக்கிறது, மரம் வந்து சேர்ந்துவிட்டது, விட்டம் வந்து சேரவில்லை, பாக்கியைக் கொடு என்று தொடங்கினாள். அணைஞ்சபெருமாள் “ம்” என்றான். புது இரும்பு உத்திரம் என் செலவில் போட்டுத் தருகிறேன் என்றாள். அதற்கு ஆவுடையம்மாள்தான் பதில் சொன்னாள்.

“இரும்பப் போட்டா இவுக எந்திரிச்சிருவாகளே மதினி. எந்திரிச்சு என்ன செய்வாக? அடுப்படியில வந்து நின்னு எனக்குப் புளிக்கொழம்பு வைக்கச் சொல்லித் தருவாக. இப்பத்தான் மூணு வாரமா நிம்மதியா ஒல வைக்கேன்.”

மாடத்தி விடவில்லை. மறுநாள் நையாண்டி மேளத்தைக் கூட்டிவந்து சன்னலுக்கு வெளியே ஒரு மணி நேரம் கொட்ட வைத்தாள். பீடிப் பெண்களின் கைகள் தாளத்துக்கு வேகம் பிடித்து அன்றைக்கு ஆளுக்கு முன்னூறு பீடி கூடுதலாகச் சுற்றியதே தவிர, ஒரு கண்ணும் இறங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் சுடச்சுட அல்வாவை வாங்கிவந்து அணைஞ்சபெருமாளின் மூக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் வாயைத் திறந்து, ஊட்டிவிடும்படி சைகை செய்தான். ஊட்டிவிட வேண்டியதாகிவிட்டது.

கடைசியில் அவளுக்குள் இருந்த வியாபாரி முழித்துக்கொண்டாள். சரக்கைப் பார்க்காமல் அவள் எதற்கும் விலை பேசியதில்லை, இந்த ஒன்றுக்குத்தான் பார்க்காமலே பேசிக்கொண்டிருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு பீடிக்காரிகளுக்கு நடுவே தரையில் மல்லாந்து படுத்தாள். முதலில் வெறும் வெளிதான் தெரிந்தது. அணைஞ்சபெருமாள் கணுவைச் சொன்னான். அந்த மரத்தில் கணுவே கிடையாது, என் கையால் தடவினேன், கிழக்குப் பாதி முழுக்க மொழுமொழுவென்று இருக்கிறது என்று அவள் சீறினாள்.

“அங்க எப்படி இருக்கும்? கணு இங்கல்லா இருக்கு.”

அவள் பார்த்தாள். கணு இருந்தது. மயில்கழுத்து மாதிரி ரேகைகள் சுற்றி ஓடின. ஆணி இருந்தது, புகைத்தடம் இருந்தது, யாரோ ஒரு குழந்தைக்குத் தொட்டில் கட்டிய கயிறு உராய்ந்த பள்ளம் இருந்தது. பழக்கதோசத்தில் உதட்டைப் பிதுக்கப் போனவளுக்குப் பிதுக்க வரவில்லை. குறை என்று ஒன்றுகூட இல்லை. வெகுநேரம் கழித்து எழுந்து, காகிதத்தை எடுத்து, விட்டம் ஒன்று என்பதில் ஒன்றை அடித்து, தெரிந்த எழுத்தில் பாதி என்று எழுதி, அணைஞ்சபெருமாளின் பாய்க்கு அடியில் செருகினாள். பேரத்தில் அவள் இறங்கிவந்தது அந்த ஒருமுறைதான், அதை அவள் யாரிடமும் ஒப்புக்கொண்டதும் இல்லை.

ஆனாலும் கிழக்குப் பாதிக்குக் கூரை வேண்டுமே. பார்த்தால் நிற்கும் என்று தெரிந்துவிட்டதால் கூலிக்கு ஆறு பேரை அமர்த்தித் தன் மரத்துக்குக் கீழே படுக்கப் போட்டாள். அவர்கள் மரத்தைக் கொஞ்சமும் வெயிலை நிறையவும் பார்த்து, எப்போது பொழுது சாயும் என்று கிடந்தார்கள், ஒரு கைமரம் அவர்களில் ஒருவனின் காலிலேயே விழுந்தது. பீடிப் பெண்கள் நாலு பேர் பரிதாபப்பட்டு வந்தார்கள். அவர்களுக்கோ மேலே பார்த்தாலே ஆவுடையம்மாள் வீட்டுக் கணுதான் தெரிந்தது. கொஞ்சம் விட்டிருந்தால் இங்கிருந்து இன்னும் நாலடி விட்டம் அங்கே போயிருக்கும், மாடத்தி கும்பிட்டு அனுப்பிவைத்தாள்.

பால் காய்ச்சுக்கு முந்தின நாள் காலையில், வேறு வழியில்லாமல், அவளே படுத்தாள்.

அவளுக்கு அது பழக்கமில்லை. அணைஞ்சபெருமாள் வீட்டில் படுத்த அந்த ஒருநாளைத் தவிர, பகலில் தரையில் முதுகு பட்டு அவளுக்கு நினைவே கிடையாது. மேலே பார்த்ததும் மனசு தானாகக் கணக்குப் போட்டது, பன்னிரண்டு அடி நீளம், இத்தனை அங்குலச் சுற்று, மலையாளத்துக்காரனிடம் தள்ளினால் இவ்வளவு, அறுத்துச் சன்னலாக்கினால் இவ்வளவு. மரம் அவள் கண்ணுக்கு முன்னாலேயே சிலிர்த்துக்கொண்டு இன்னும் வழுக்கலானது. வேலாண்டி வைத்த கைமரம் சறுக்கியது. மறுபடி வைத்தான், மறுபடி சறுக்கியது. பத்து மணிக்கு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. படுத்தபடியே விட்டத்தை வைய ஆரம்பித்தாள். நீயும் ஒரு மரமா என்று தொடங்கி, பன்னிரண்டு வயதில் நசுங்கிய முதல் விரலையும், எடையில் ஏமாற்றியவனையும், சம்பாதிப்பேன் என்று போய்த் திரும்பி வராத புருசனையும், மழையில் ஒழுகிய கொட்டகையில் ஒரு கதவுக்கு அடியிலிருந்து இன்னொரு கதவுக்கு அடியில் மாறி மாறிப் படுத்ததையும், இருநூறு வீட்டு மரத்தைத் தடவினேனே, ஒன்றாவது என் தலைக்கு மேலே நின்றதா என்பதையும், ஒன்று விடாமல் சொல்லி வைதாள். வேலாண்டியும் ஆட்களும் சுவர்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவன் மூக்கை உறிஞ்சினான், வெயில் என்றான்.

மத்தியானம் ஒரு மணிவாக்கில் வசவு தீர்ந்துபோனது. அவளுக்கு வசவு தீர்ந்துபோனதே ஒரு அதிசயம், ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டை வறண்டு, சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல், கணக்கும் எழும்பாமல், வெறுமனே மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அப்போது மொழுமொழு மரத்தில், மேற்குப் பாதி முடிகிற இடத்திலிருந்து, ஒரு ரேகை மெல்லக் கிளம்பி கிழக்கே வந்தது. அவள் அதன் பின்னாலேயே கண்ணைக் கொண்டுபோனாள். அதன் பக்கத்தில் இன்னொன்று கிளம்பியது. சுவருக்கு இரண்டு முழம் இருக்கையில் இரண்டும் வட்டம் போட்டு ஒரு கணுவைச் சுற்றிக்கொண்டன. அணைஞ்சபெருமாள் வீட்டுக் கணு வட்டம், இது கொஞ்சம் கோணல், முன்கோபக்காரியின் மூக்கு மாதிரி.

“யக்கா, ஆணி எறங்குது,” என்றான் வேலாண்டி மேலிருந்து, ரகசியம் சொல்கிற குரலில்.

சாயங்காலத்துக்குள் கைமரம் ஏறி, ரீப்பர் ஏறி, ஓடும் ஏறி முடிந்தது. மறுநாள் தை பதினொன்று. ஊர் வந்தது. வீட்டுக்காரி நடுக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்க, வந்தவர்கள் அவளை மிதித்துவிடாமல் சுற்றிப் போய்ச் சாமி கும்பிட்டார்கள், பந்தியை அவளுக்கு இரண்டு பக்கமுமாகப் போட்டுக்கொண்டார்கள், மொய்யாக வந்த பாத்திரங்களை அவள் கால்மாட்டில் அடுக்கினார்கள். எழுந்திருக்கலாம், இனி நீ பார்க்காவிட்டாலும் அது நிற்கும் என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். வேலாண்டியே அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சினான். பொங்கி வழிந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள்.

மலையாளத்து மர வியாபாரி ஒருவர் வந்திருந்தார். இருபத்தி நாலடி ஒற்றை வேங்கையை அண்ணாந்து பார்த்ததும் அவருக்கு இலையில் இருந்த பாயசம் மறந்துபோனது. என்ன விலை சொன்னாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். என்ன விலை சொன்னாலும் என்கிற வார்த்தைக்காகவே மாடத்தி முப்பத்தெட்டு வருசம் வியாபாரம் பண்ணியிருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் கண் விட்டத்தைவிட்டு இறங்கவில்லை. காதில் விழவில்லையோ என்று ஆவுடையம்மாள் பேத்தியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, அவள் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“மதினி, இவரு விட்டத்துக்கு வெல கேக்காரு. என்ன சொல்ல?”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க மதினி,” என்றாள் மாடத்தி. “மறைக்கி.”